சிக்னல் முழுமை, குரல் மட்டும் மங்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமம் பெற்ற தனிநபர்கள் ஆர்வத்துக்காக ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக உரிமம் பெறுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கையடக்கமான சிறிய எஃப்.எம். கருவியைத்தான் என்பதையும், அதற்கு எந்த ஆன்டெனா பொருந்தும், எத்தனை வாட் போதும், பேட்டரியை எப்படிப் பேணுவது என்பதையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் இவ்வளவையும் எதற்காகச் செய்கிறோமோ அந்தக் குரல், மறுமுனைக்கு எந்த நிலையில் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகளாக இந்த அலைவரிசைகளில் பேசியும் கேட்டும் வருகிறவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியை நிரப்ப இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேரிடர் காலத் தகவல் தொடர்புக்கான ஒத்திகை ஒன்றில், முகாமுக்கு வேண்டிய போர்வைகளின் எண்ணிக்கையை ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் 'எழுபது' என்றேன். குறித்துக்கொண்டவர் 'அறுபது' என்று திருப்பிப் படித்தார். தவறு என்று சொல்லி மீண்டும் 'எழுபது' என்றேன்; மீண்டும் 'அறுபது' என்றே பதில் வந்தது. 'ஏழு, சைபர்' என்று இலக்கம் இலக்கமாக மூன்று முறை சொன்ன பிறகுதான் கணக்கு சரியானது. ஒத்திகை முடிந்ததும் அவரை நேரில் பார்த்து, என் சிக்னல் அவ்வளவு மோசமாகவா வந்தது என்று கேட்டேன். "சிக்னல் முழுசாக வருகிறது சார், இரைச்சலே கிடையாது. குரல்தான் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வருகிறது. ரொம்ப நாளாகவே அப்படித்தான்" என்றார். ரொம்ப நாளாகவே என்று அவர் சொன்னதுதான் என்னை உறுத்தியது. அந்த நாள்களில் நான் ஒவ்வொரு மாலையும் வலைக்கூட்டத்தில், அதாவது பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரத்தில், பேசியிருக்கிறேன். பேசியபோதெல்லாம் '59', அதாவது எல்லாம் முழுமை, என்ற பாராட்டைத்தான் பெற்றிருக்கிறேன்.

இங்கே ஓர் அடிப்படை விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அனுபவம் உள்ளவர்களே இதில் இடறுகிறார்கள். எஃப்.எம். முறையில் சிக்னலின் வலிமை வேறு, குரலின் உரப்பு வேறு. நாம் பேசும்போது அனுப்பப்படும் அலையின் அதிர்வெண் மையத்திலிருந்து இரு பக்கமும் விலகுகிறது. டீவியேஷன் என்று நாம் சொல்லும் அந்த விலகல் எவ்வளவோ அவ்வளவுதான் கேட்பவருடைய ஸ்பீக்கரில் ஒலி. ஒரு வாட்டிலிருந்து ஐந்து வாட்டுக்கு மாற்றினால் சிக்னல் 7 டெசிபல் கூடும். பின்னணி இரைச்சல் இருந்தால் அது குறையும். ஆனால் இரைச்சலே இல்லாமல் சிக்னல் ஏற்கெனவே முழுமையாகப் போய்க்கொண்டிருந்தால், குரல் ஒரு நூலளவும் உயராது, தெளியாது. ஆகவே 'உங்கள் குரல் குறைவாக இருக்கிறது' என்று யாராவது சொன்னவுடன் பவரைக் கூட்டுவதும், நீளமான ஆன்டெனா வாங்குவதும், அதுவும் பலிக்காமல் கருவியையே மாற்றுவதும் நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் தடவுவதாகும். பேச்சுக்கு நடுவே 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டால் சிக்னலைப் பாருங்கள். பேசுபவர் பி.டி.டி. பொத்தானை (பேசுவதற்காக அழுத்தும் பொத்தான்) அழுத்திய கணத்தில் இரைச்சல் முற்றாக அடங்கி, அந்த அமைதிக்குள் குரல் மட்டும் தேய்ந்து கேட்டால் மைக்கைப் பாருங்கள்.

இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் வழி நம் முன்னோடிகளால் எப்போதோ வகுக்கப்பட்டுவிட்டது. 1934 முதல் புழக்கத்தில் இருக்கும் அறிக்கை முறையில் முதல் இலக்கம் புரியும் தன்மைக்கு, 1 முதல் 5 வரை. இரண்டாவது இலக்கம் சிக்னலின் வலிமைக்கு, 1 முதல் 9 வரை. என் சிக்னலுக்கு அன்று கிடைத்திருக்க வேண்டிய சரியான அறிக்கை '39': வலிமை முழுமை, புரிவதோ மிகவும் சிரமம். '39' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அடுத்த நாளே கருவியைத் திறந்திருப்பேன். '59' என்பதை வணக்கம் சொல்வதுபோல் எல்லோருக்கும் சொல்லிவிடும் வழக்கம் வந்த பிறகு, அறிக்கை கேட்பதும் கொடுப்பதும் வெறும் சடங்காகிவிட்டது. மரியாதை கருதி மறைக்கிறோம் என்று நினைக்கிறோம். மறைக்கப்பட்டவரோ தன் குறையை அறியாமலே, அவசரத்துக்கு உதவத் தயாராக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

மங்கிய குரலில் முதலில் தொலைவது மெய்யெழுத்துகள். உயிரெழுத்துகளின் ஆற்றல் கீழ் அதிர்வெண்களில் இருப்பதால் அவை எப்படியோ தப்பிப் போய்ச் சேர்ந்துவிடும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் நுட்பங்கள் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, நம் கருவிகள் கடத்தும் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பரப்பின் மேற்பகுதியில் இருக்கின்றன. தமிழில் பேசுகிறவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். மழையும் மலையும், வழியும் வலியும், அரையும் அறையும் காதில் பிரிவது அந்த மேற்பகுதியால்தான். 'வழி அடைபட்டுள்ளது' என்ற செய்தியை வாக்கியத்தின் போக்கை வைத்து ஊகித்துவிடலாம். எண்களிலும் ஆட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் ஊகத்துக்கு இடமில்லை.

சோதனையை எப்படிச் செய்வது என்று பலர் கேட்கிறார்கள். இன்னொரு கருவியை இரண்டு மூன்று அறைகள் தள்ளி வையுங்கள். ஒரே அறையில் வைத்தால் ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்பி நுழைந்து ஊளையிடும். அனுப்பும் கருவியை மிகக் குறைந்த பவரில் வைத்து, முடிந்தால் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு (அலையை வெளியே பரப்பாமல் உறிஞ்சிக்கொள்ளும் சுமை) பொருத்தி, யாருக்கும் இடையூறு இல்லாத அதிர்வெண்ணில், உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். கேட்கும் கருவியின் ஒலியை ஒரு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு அதே இடத்தில், அதே தொலைவில், நல்ல ஒலி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நண்பரின் கருவியை வைத்து, அதே வாக்கியத்தை அதே குரலில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தன் குரலைத் தானே பதிவில் கேட்பது யாருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும், அந்த அந்நியத்தைக் கருவியின் குறையாக எண்ணிவிடக் கூடாது. என் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, 'சைபர்' என்ற சொல்லின் முதல் எழுத்து என் கருவியில் இல்லவே இல்லை என்பது தெரிந்தது. 'ஐபர்' என்றுதான் கேட்டது.

திருப்புளியைத் தேடுவதற்கு முன் மெனுவைப் பார்த்துவிட வேண்டும். சிறிய கருவிகளில் அகலம், குறுகல் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவதில் டீவியேஷன் 5 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டாவதில் 2.5 கிலோஹெர்ட்ஸ் வரைதான். எதிர்முனையில் இருப்பவர்களும் ரிப்பீட்டரும் அகல அமைப்பில் இருக்க நாம் மட்டும் குறுகலில் பேசினால், நம் குரல் மற்றவர்களைவிட 6 டெசிபல் தணிந்தே போகும். இது பழுதே அல்ல. ஒரு பொத்தானில் தீர்வது. மாறாக, குறுகல் அமைப்பில் இயங்கும் ரிப்பீட்டருக்கு அகலத்தில் பேசினால் உரத்த சொற்களின் முனைகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதே கரகரப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு: 145.6125 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டியவர், கருவியில் அதிர்வெண்ணை மாற்றும் படியளவு 5 கிலோஹெர்ட்ஸாக இருப்பதால் 145.610-இலேயே நின்றுவிடுவார். இரண்டரை கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் அந்தச் சிக்னல் மீட்டரில் குறையாமல்தான் தெரியும். பேச்சு மட்டும் உடையும்.

பிடிக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். மைக் துளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஸ்பீக்கர் சல்லடையைப் பார்த்துப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துளையைத் தேடிக் கண்டுபிடித்து, வாயிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில், மூச்சு நேராக அதன்மேல் விழாதபடி சற்றுச் சாய்த்துப் பிடித்து, இயல்பான குரலில் பேசினால் போதும். தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுகிறவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

என் கருவியில் இவை எதுவும் குற்றவாளி இல்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தேன். ஆன்டெனாவையும் பேட்டரியையும் கழற்றினேன்; பேட்டரி மறைத்திருந்த இரண்டு சிறிய திருகுகளை எடுத்தேன்; மேலே ஒலியளவுக் குமிழை இழுத்து எடுத்து, அதன் கீழும் ஆன்டெனா பொருந்தும் இடத்திலும் இருந்த வளைய நட்டுகளைத் தளர்த்தினேன். பிறகு அடிப்பக்கத்தை நெம்பியதும் உலோகச் சட்டம் பலகையோடு சேர்ந்து நழுவி வெளியே வந்தது. ஸ்பீக்கர் உறையிலேயே ஒட்டியிருக்கும், அதற்குப் போகும் இரண்டு கம்பிகளோ தலைமுடிபோல் மெல்லியவை; பட்டென்று இழுத்தால் இன்னொரு வேலை வந்து சேரும். மைக் என்பது ஒரு சிறிய மாத்திரை அளவுள்ள எலெக்ட்ரெட் வில்லை, ரப்பர் குல்லாய் ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்தது.

உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். முன்பக்கத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்தான். வார்க்கும்போது மழிக்காமல் விட்ட பிளாஸ்டிக் செதில் ஒன்று நகக்கண்ணின் தோல்போல் அதன் விளிம்பில் தொங்கியது. ரப்பர் குல்லாய் ஒரு பக்கம் நழுவி, மிச்சமிருந்த வட்டத்தில் பாதியை மூடியிருந்தது. அதற்கும் பின்னால், தூசி தடுக்க வைத்த பஞ்சுத் துண்டு ஈரமும் அழுக்கும் ஏறி அட்டைபோல் இறுகியிருந்தது. இத்தனை நாளும் நான் பேசியது எல்லாம் இந்தப் பிறைத்துளை வழியாகத்தான் போயிருக்கிறது. அதுமட்டுமல்லாமல், குல்லாய் உறையோடு ஒட்டாமல் நின்றதால், கருவியின் உட்புறக் காலி இடத்தில் சுழலும் ஒலி பின்வழியாக மைக்கில் ஏறிக்கொண்டிருந்தது. குடத்துக்குள் பேசும் அந்தத் தொனி அங்கிருந்துதான் வந்தது.

செய்த வேலை சிறியது. பலகை முழுவதையும் அப்புறப்படுத்தி வைத்துவிட்டு, 2 மில்லிமீட்டர் துளையிடும் அலகை இயந்திரத்தில் மாட்டாமல் விரல்களால் திருகி, உறையின் துளையை மெல்ல அகலமாக்கினேன். விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு ஆகும். துருவல்களைத் தூரிகையால் துடைத்தேன். இறுகிய பஞ்சுக்குப் பதிலாகக் கண்கள் அகன்ற மெல்லிய வலைத்துணியை வைத்தேன். குல்லாயைத் துளைக்கு நேராக, சுற்றிலும் இடைவெளியில்லாமல் உட்கார வைத்தேன். மூடுவதற்கு முன் துளை வழியாகப் பார்த்து, மைக்கின் முகம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு, திறக்கும் சிரமம் எதற்கு என்று யாரும் வெளியிலிருந்தே ஓர் ஊசியை விட்டுக் குத்திவிட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். எலெக்ட்ரெட் மைக்கின் சவ்வு சில மைக்ரான் தடிமனே உள்ளது. துளையைக் கடக்கும் ஊசி அதைக் கிழித்துவிடும், பிறகு குரல் மங்கலாக அல்ல, சுத்தமாகவே போகாது. நீர்புகாக் கருவி என்று விற்கப்படுபவற்றில் துளைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் படலம் தண்ணீரைத் தடுப்பதற்காக உள்ளது; அதை நீக்கினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். உத்தரவாதக் காலம் முடியாத கருவியை விற்றவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வதே முறை.

துளை சரியாக இருந்தும் குரல் கெடும் இடங்கள் வேறு சில உண்டு. குறைந்த பவரில் தெளிவாகவும் முழு பவரில் கரகரப்பாகவும் கேட்டால், ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் ரேடியோ அலையே மைக் இணைப்பில் நுழைகிறது என்று பொருள். மைக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே, கால்களை முடிந்தவரை ஒட்ட நறுக்கி, 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெளி ஸ்பீக்கர் மைக் பயன்படுத்துவோர் அதன் கேபிளில் ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போட்டுப் பார்க்கலாம். மைக்கையே மாற்றுகிறவர்கள், வில்லையின் உலோக உறையோடு இணைந்திருக்கும் முனைதான் எர்த் பக்கம் என்பதை மறக்கக் கூடாது. மாற்றிப் பற்றவைத்தால் புது மைக்கும் பழைய மைக்கைவிட மோசமாக ஒலிக்கும். சார்ஜரில் வைத்தபடியே பேசும்போது மட்டும் ரீங்காரம் வருகிறதென்றால் சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

மைக் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டும் வசதி இப்போது பல கருவிகளின் மெனுவில் இருக்கிறது. அதை முதல் மருந்தாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. அடைபட்ட துளைக்குப் பின்னால் கெயினைக் கூட்டினால் உயர்வது மங்கிய குரலும் கருவிக்குள் எதிரொலிக்கும் சத்தமும் மின்விசிறி ஓசையும்தான். மெய்யெழுத்துகள் திரும்பி வருவதில்லை. துளையைத் திறந்து, பிடிக்கும் தொலைவைச் சரிசெய்து, அதற்குப் பிறகும் குறைவு என்று பிறர் சொன்னால் ஒரு படி கூட்டலாம். கூட்டியதும் மறுபடியும் பதிவு செய்து கேட்க வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு தரப்பினரிடம் கேட்க விரும்புகிறேன். கருவிகளைத் தயாரிப்பவர்கள், பயனர் கையேட்டில் மைக் துளை இருக்கும் இடத்தைப் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டவும், உறையை அடைத்து அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியமாவது பேசிக் கேட்டுவிட்டு அனுப்பவும் வேண்டும். வலைக்கூட்டங்களை நடத்துவோர், வாரத்தில் ஒரு நாளாவது கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைக் குரல் சோதனைக்கு ஒதுக்கி, 'மழை, மலை, வழி, வலி, அறுபது, எழுபது' போன்ற சொற்களை ஒவ்வொருவரையும் வரிசை மாற்றிச் சொல்லச் சொல்லி, கேட்பவர் திருப்பிச் சொல்லும்படி செய்ய வேண்டும். அதில் யாருக்காவது '39' கிடைத்தால், அதை அங்கேயே, அன்போடு, காரணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

கருவியை மூடிய அன்று மாலை, ஒத்திகையில் என்னிடம் 'அறுபது' என்று படித்த அதே நண்பரை அழைத்தேன். எதுவும் சரிசெய்ததாகச் சொல்லாமல், எழுபது, அறுபது, மறுபடி எழுபது, சைபர் என்று மட்டும் சொன்னேன். நான்கையும் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, "சார், இது யாருடைய செட்?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமதாரர் ஒருவர்